ஏரிக்கரையில் பறந்த தலைப்பழம்

என்னைப் பார்த்தால் சொந்த அண்ணன் வேலைக்கே உலை வைத்தவள் மாதிரியா இருக்கிறது? சொல்லுங்க அக்கா. தாராளமாகச் சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன். கோபப்பட்டாலும் இந்த பஸ் கூட்டத்தில் எழுந்து போக இடமில்லை, உங்க பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் அம்மா அப்படித்தான் சொல்கிறது. "கூடப் பொறந்தவனையே கணக்குப் போட்டுக் கவுத்துட்டியேடி"ன்னு காலையில் ஒரு தரம், சோறு போடும்போது ஒரு தரம். நான் என்ன அவனைக் கிணற்றிலா தள்ளினேன்? கணக்குப் போட்டேன். வந்ததைச் சொன்னேன். நாற்பது வந்தால் நாற்பது என்றுதானே சொல்ல முடியும்? பாசம் இருக்கிறது என்பதற்காக முப்பது என்று சொல்ல முடியுமா?

நீங்க பண்ருட்டியில்தானே ஏறினீங்க? ஓ, நம்ம ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரா! அப்படியென்றால் ஏரிக்கரை முக்கு தெரிந்திருக்கும். மதகுக்குப் பக்கத்தில் கன்னியம்மா மீன் விற்கும் பாருங்க, அந்த இடம். அங்கேதான் எல்லாம் நடந்தது. இடத்தை விளக்குகிற வேலை மிச்சம். எனக்கு எதையும் விளக்கிச் சொல்லப் பொறுமை கிடையாது.

என் பெயர் அருள்ஜோதி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். காலேஜ் ஏன் போகவில்லை என்று நீங்களும் கேட்காதீங்க, ஊரே கேட்டு முடித்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருத்தர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான். பிசிக்ஸில் நாற்பத்தொன்று. அதிலும் செய்முறைக்குப் போட்ட மார்க்கைக் கழித்தால் மிச்சம் வெளியே சொல்லும்படி இல்லை.

ஆனால் ஒரே ஒரு கணக்கு எனக்கு நன்றாக வரும். அது வந்ததே என்னை வகுப்பை விட்டு வெளியே அனுப்பியதால்தான். குணசீலன் சார் போர்டில் எழுதினார்: ஒரு மரக்கட்டை தரையில் இருக்கிறது, துப்பாக்கிக் குண்டு வந்து அதில் பதிகிறது, இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் சறுக்கி நிற்கின்றன, குண்டு வந்த வேகம் என்ன?

நான் எழுந்தேன். "எதுக்கு சார் கட்டையப் புடிச்சு விசாரிக்கிறீங்க? சுட்டவன் அங்கதான நிப்பான், அவனக் கேட்டா சொல்லிட்டுப் போறான்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "சுட்டவன் பொய் சொல்லுவான் அருள்ஜோதி. கட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்றார்.

நின்றேன். வராண்டாவில் பார்ப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை. வேறு வழியில்லாமல் ஜன்னல் வழியே முழுக் கணக்கையும் கேட்டேன். உள்ளே இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் பெயர் சபரிநாதன். வைத்திலிங்கம் பலா மண்டியில் குட்டியானை ஓட்டுகிறான். ஓட்டினான். தோப்பில் பழம் ஏற்றி மண்டியில் இறக்குவது வேலை. நான் பழம் எண்ணக் கூடப் போவேன். கூடப் போய்ப் போய், அறுத்த வயலில் அவனே எனக்கு வண்டி ஓட்டவும் சொல்லிக்கொடுத்தான். எனக்கு ஆசை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் ஓட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது கியரில் போகவேண்டிய இடத்தில் மூன்றாவதைப் போடுவான். வண்டி இருமும். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருவான். சொன்னால், "நீ எண்ணற வேலையப் பாரு" என்பான். நான் எண்ணிக்கொண்டேதான் சொன்னேன்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். தோப்பிலேயே பெரிய பழம் எதுவோ, அதைத் தலைப்பழம் என்று தனியாக எடுத்து டிரைவர் தலைக்கு மேலே, கேபின் கூரையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வண்டி மண்டிக்குள் நுழையும்போதே வியாபாரிகள் அதைத்தான் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்தால் பின்னால் இருக்கிற சோப்ளாங்கிப் பழமெல்லாம் அதன் முகத்துக்காக விலை போகும். அதைக் கயிறு போட்டுக் கட்டவும் கூடாது. கட்டினால் முள் மழுங்கிவிடும், பார்க்க லட்சணமாக இருக்காது என்பார் முதலாளி. தலையில் சுமை வைக்கிறவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்களே, அதே மாதிரி ஒரு வைக்கோல் சும்மாடு. அதன் மேல் பழம் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும்.

அதனால்தான் முதலாளிக்கு ஒரு சட்டம்: பழம் ஏற்றின வண்டி முப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதில் என்ன வேடிக்கை என்றால் அந்த வண்டியில் வேகம் காட்டுகிற முள் செத்துப் பல காலம் ஆகிறது. கிளம்பினாலும் பூஜ்யம், பறந்தாலும் பூஜ்யம். முதலாளியே மனசுக்குள் ஒரு முள் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு முப்பத்தஞ்சுல வந்த போல" என்பார். அண்ணன் தலையைச் சொறிவான்.

அன்று அவன் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. என் வாய் தாங்கவில்லையாம். நான் மண்டியிலேயே இருந்தேன். கூப்பிடு தூரம்தானே, ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கன்னியம்மா சத்தம். அது அதைவிடப் பெரியது.

ஓடிப் போய்ப் பார்த்தால், குறுக்கே ஆடு வந்ததாம். அண்ணன் பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி நின்றுவிட்டது. தலைப்பழம் நிற்கவில்லை. அதற்கு யார் பிரேக் போட்டார்கள்? அது பாட்டுக்கு வந்த வேகத்திலேயே கூரையை விட்டுக் கிளம்பி, காற்றில் போய், ரோட்டில் இருந்த கன்னியம்மாவின் தெர்மாகோல் மீன் பெட்டி மூடியைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது. அப்படியே பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரோட்டோடு சறுக்கிப் போய் நின்றிருக்கிறது. தார் ரோட்டில் தெர்மாகோல் தேய்ந்து வெள்ளையாக ஒரு கோடு. பெட்டிக்குள் சங்கரா மீனுக்கும் ஐஸ்கட்டிக்கும் நடுவில் பலாப்பழம். ஆடு ஒன்றும் நடக்காத மாதிரி தழை மென்றுகொண்டு நின்றது.

"ராக்கெட்டு மாதிரி வந்தான் படுபாவி!" கன்னியம்மா மார்பில் அடித்துக்கொண்டது. "நான் குனிஞ்சு சில்லறை பொறுக்கலன்னா என் தலையில்ல இந்நேரம் பெட்டிக்குள்ள இருக்கும்!"

"முப்பதுக்குள்ளதான் வந்தேன்" என்றான் அண்ணன். "சத்தியமா முப்பதுக்குள்ளதான் மொதலாளி."

"முப்பதுல வந்தா பழம் பறக்குமாடா? எனக்குக் காது குத்துறியா?" வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் வேட்டியை மடித்துக் கட்டினால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம். மண்டி ஆட்கள், வியாபாரிகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று முக்கு முழுக்கக் கூட்டம். ஒருத்தன் ஐம்பது என்கிறான், ஒருத்தன் இருபது என்கிறான். பார்க்காதவன்தான் ரொம்பச் சத்தமாகச் சொல்கிறான்.

முதலாளி கையை நீட்டினார். "சாவி."

அக்கா, நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதை நீங்க நன்றாகக் கேட்டுக்கொள்ளணும், ஏனென்றால் வீட்டில் யாரும் இதைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நான் அவனைக் காப்பாற்றத்தான் போனேன். அவன் பயந்தாங்கொள்ளி. ஆட்டைப் பார்த்தால் ஆட்டுக்கு முன்னால் இவன் ஒதுங்குவான். இவனாவது முப்பதைத் தாண்டுவதாவது என்று நம்பித்தான் வாயைத் திறந்தேன்.

"யாரும் பெட்டியத் தொடாதீங்க! எவ்ளோ வேகத்துல வந்தான்னு நான் சொல்றேன்."

"நீ பாத்தியா?"

"பாக்கல. பெட்டி பாத்துச்சு."

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கு மனுஷன் பேச்சில் நம்பிக்கை கிடையாது, தராசு பேசினால் கேட்பார். "தராசு வெச்சுச் சொல்லுவியா?" என்றார். "தராசு வெச்சுத்தான் சொல்லுவேன்" என்றேன். அண்ணன் முகம் அப்போது எப்படி மலர்ந்தது தெரியுமா? பக்கத்தில் நின்ற வியாபாரியிடம், "என் தங்கச்சி. பன்னெண்டாவதுல பிசிக்ஸ் குரூப்பு" என்றான். மார்க்கைச் சொல்லவில்லை.

கொக்கித் தராசு வந்தது. தொங்கவிட்டு நிறுப்போமே, ஸ்பிரிங் போட்டது, அது. பழமும் பெட்டியும் மீனும் ஐஸும் சேர்த்துத் தூக்கி நிறுத்தேன். நாற்பத்தைந்து கிலோ. பழம் மட்டும் தோப்பிலேயே நிறுத்து அதன் மேல் சுண்ணாம்பில் எழுதியிருந்தது, இருபது. வெள்ளைக் கோட்டை டேப் வைத்து அளந்தேன். மூன்று மீட்டர்.

"ஐஸு கரையுதுடி, மீனு கெடுதுடி!" என்று கன்னியம்மா ஒரு பக்கம்.

"கரையட்டும், அசையாம நில்லு. எடை மாறிடப் போவுது."

"நீ யாருடி என் மீன நிறுத்துப் பாக்க? உங்கண்ணன் பழத்த விடுறான், நீ தராச விடுற. குடும்பமா கெளம்பி வந்தீங்களா?"

அடுத்ததுதான் முக்கியமான வேலை. உராய்வு. பெட்டி ஏன் நின்றது? ரோடு அதைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. எவ்வளவு பிடித்தது என்று தெரிந்தால்தான் கணக்கு நகரும். தராசுக் கொக்கியைப் பெட்டிக் கயிற்றில் மாட்டி, ரோட்டோடு ரோடாக நிதானமாக இழுத்தேன். எப்படியும் பெட்டியைக் கன்னியம்மா இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய், நின்ற இடத்திலிருந்து பழைய இடத்துக்கே இழுத்தேன். மூச்சு வாங்கிவிட்டது. முதலாளி தராசோடு கூடவே குனிந்து நடந்து வந்து முள்ளைப் படித்தார். பதினெட்டு கிலோ.

"நாற்பத்தஞ்சு கிலோவ இழுக்கப் பதினெட்டு கிலோ. அப்ப உராய்வுக் குணகம் பூஜ்யம் புள்ளி நாலு" என்றேன். யாருக்கும் புரியவில்லை. ஆனால் கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மிச்சம் வராண்டாவில் நின்று கேட்ட கணக்குதான். பின்னாலிருந்து முன்னால் வரணும். அந்த உராய்வு மூன்று மீட்டரில் நிறுத்தியிருக்கிறது என்றால், பழம் பதிந்த உடனே பெட்டி கிளம்பின வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். அது பழமும் பெட்டியும் சேர்ந்து போன வேகம். ஆனால் முதலில் பெட்டி சும்மாதானே இருந்தது? மொத்த உந்தமும் பழம் ஒன்றே கொண்டுவந்தது. உந்தம் எங்கேயும் தொலையாது, பங்கு பிரியும், அவ்வளவுதான். இருபது கிலோ கொண்டுவந்ததை நாற்பத்தைந்து கிலோ பிரித்துக்கொண்டது. அப்படியென்றால் பழம் தனியாக வந்தபோது இரண்டே கால் மடங்கு வேகம். பதினோரு மீட்டர். பிரேக் போடும் வரைக்கும் பழத்தின் வேகம்தான் வண்டியின் வேகம். அதை மணிக்கு மாற்றினால்…

மதகுச் சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கை நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன். அதுவே வந்தது.

"எவ்ளோம்மா?" என்றார் முதலாளி.

"நாற்பது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்கிறது அம்மா. கரியை அழித்துவிட்டு முப்பது என்று எழுதியிருந்தால் அங்கே எந்தப் பயல் கண்டுபிடித்திருப்பான் என்கிறது. நியாயம்தான், ஒருத்தனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். ஆனால் தப்பான விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது அக்கா. பரீட்சையில்கூடத் தெரியாத கேள்விக்கு இடத்தைச் சும்மா விட்டேனே தவிர, கதை எழுதவில்லை. அதனால்தான் நாற்பத்தொன்று.

"நான் முப்பதுக்குள்ளதான் வந்தேன் ஜோதி" என்றான் அண்ணன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"பெட்டி அப்படிச் சொல்லலியே" என்றேன்.

சாவி கை மாறியது. முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சீசன்ல நான் இனிமே டிரைவருக்கு எங்க போவேன்?" என்று பொதுவாகத்தான் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, எல்எல்ஆர் கையில இருக்கு" என்றேன் நான். அது தானாக வாயில் வந்தது. வயசைத்தானே சொன்னேன்? வயசைச் சொல்வது தப்பா? எல்எல்ஆர் எதற்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாய் என்று அம்மா கேட்கிறது. சும்மாதான் எடுத்து வைத்திருந்தேன். ஆதார் இல்லையா, ரேஷன் கார்டு இல்லையா, அது மாதிரி அதுவும் ஒன்று.

பழமா? அதை ஏன் கேட்கிறீங்க. மீன் வாசம் ஏறிவிட்டது, ஒரு வியாபாரியும் தொடவில்லை. கன்னியம்மா சுளையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டது. "கொழம்புல போடுறதுக்குன்னே ஊற வெச்சு அனுப்பிருக்கான் மவராசன்" என்று சிரித்துக்கொண்டே போனது. அன்று அந்த முக்கில் சந்தோஷமாக வீட்டுக்குப் போனது அது ஒன்றுதான்.

அண்ணன் இப்போது அதே மண்டியில் தலையில் பழம் சுமக்கிறான். கேபின் கூரையில் இருந்த அந்த வைக்கோல் சும்மாட்டையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். வேண்டுமென்றே, எனக்குத் தெரியும், நான் பார்க்கணும் என்றுதான். என்னோடு பேச்சு இல்லை. நான் சோறு கொண்டுபோனால் பசி இல்லை என்பான். அதே தூக்கை அம்மா கொண்டுபோனால் வழித்துச் சாப்பிடுவான். சுமை தூக்குகிற ஆட்கள் அவனை, "என்னா சபரி, இன்னைக்கு எத்தன கிலோமீட்டர் வேகத்துல நடக்குற?" என்று கேட்கிறார்கள். அவன் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நடப்பான். ஒரே ஒரு தரம், அம்மாவிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கும்படி சொன்னான்: "நான் முப்பதுக்குள்ளதான் வந்தேன்." இன்னும் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறான். கணக்கு போட்டுக் காட்டின பிறகும் ஒருத்தன் அப்படிச் சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

இப்போது எங்கே போகிறேன் என்றா? கடலூர் ஆர்டிஓ ஆபீஸ். இன்றைக்கு டெஸ்ட். பாஸ் ஆனால் நாளையிலிருந்து வண்டி என் கையில். மறுபடியும் சொல்கிறேன், ஆசை எல்லாம் இல்லை. சீசனில் மண்டி தவிக்கக் கூடாதே என்றுதான். ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் உதைக்கிறது. அது பரவாயில்லை, நான் ராத்திரி கனவிலேயே… என்ன அக்கா? என்ன சொன்னீங்க?

எங்கே, மதகுக்குப் பக்கத்திலா?

சைக்கிளை மிதிக்கவே வேண்டாமா?

இருங்க, இருங்க. சும்மா விளையாட்டுக்குச் சொல்றீங்களா, நிஜமாகவா? மதகிலிருந்து மண்டி வரைக்கும் ஒரு மிதிகூடவா? காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே போய்விடலாமா? திரும்பி வரும்போது? இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவீங்களா?

ஐயோ.

இல்லை, நீங்க சொல்றது சரிதான். அந்த மதகுச் சுவர். மேல் பக்கம் என் முழங்கால் உயரம் இருக்கும், கணக்கு எழுதினது கீழ்ப் பக்கம், அங்கே என் மார்பு வரைக்கும் வந்தது. சுவர் ஏறவில்லை அக்கா, ரோடு இறங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து அதே ரோட்டில் நடக்கிறேன், இறக்கம் என்று ஒரு நாளாவது கவனித்திருப்பேனா? அது பாட்டுக்கு ரோடு, நான் பாட்டுக்கு நடந்தேன்.

பெட்டி கீழ்நோக்கித்தான் சறுக்கியது. நான் மேல்நோக்கி இழுத்தேன்.

புரியவில்லையா? அந்தப் பதினெட்டு கிலோ உராய்வு மட்டும் இல்லை. மேட்டில் ஏற்றுகிற கனமும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு அப்படி மூச்சு வாங்கியது! பெட்டி சறுக்கியபோது நேர் எதிர், இறக்கமே அதைக் கீழே பிடித்துத் தள்ளியிருக்கும். ஒரு பக்கம் கூட்டினதை இன்னொரு பக்கம் கழிக்கணும். பத்தடிக்கு ஒரு அடி இறக்கம் என்று வைத்துக்கொண்டால்… நாற்பத்தைந்தில் பத்தில் ஒரு பங்கு நாலரை… ஏற்றத்துக்கு ஒரு நாலரை, இறக்கத்துக்கு ஒரு நாலரை… கீழ்நோக்கி இழுத்திருந்தால் தராசு ஒன்பது கிலோதான் காட்டும். பதினெட்டுக்குப் பாதி. விசை பாதி என்றால் வேகம் பாதி ஆகாது, வர்க்கமூலம் எடுக்கணும். நாற்பதை ஒன்று புள்ளி நாலால் வகுத்தால்…

கொஞ்சம் பேசாமல் இருங்க அக்கா.

இருபத்தெட்டு.

முப்பதுக்குள்ளதான் வந்திருக்கிறான்.

நீங்க எதற்கு அக்கா சைக்கிள் ஓட்டுறீங்க? பஸ்ஸில் போகக் கூடாதா? இல்லை, இல்லை, உங்களைத் திட்டவில்லை. யாரையாவது திட்டணும், பக்கத்தில் நீங்கதான் இருக்கீங்க.

ஒரு நிமிஷம். போன் போட்டுவிடுகிறேன். டெஸ்ட் முடித்துவிட்டுச் சொல்லலாம்தான். நாளைக்குச் சொன்னாலும் இருபத்தெட்டு இருபத்தெட்டுதான், எங்கேயும் ஓடாது. லைசென்ஸை வாங்கிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு… சே. இல்லை. எடுக்கிறார், எடுக்கிறார்.

"மொதலாளி, நான் அருள்ஜோதி… இல்ல, டெஸ்டுக்கு இன்னும் போகல. அண்ணன் வந்தது நாற்பது இல்ல… நாற்பது தப்பு! இருபத்தெட்டு! … மொதலாளி, ஏலத்த நிறுத்திட்டுக் கேளுங்க. நான் பெட்டிய மேட்டுப் பக்கமா இழுத்துட்டேன்… ஆமா, நீங்களும்தான் கூடக் குனிஞ்சு நடந்து வந்தீங்க, உங்களுக்கும்தான் தெரியல… யாரு சொன்னாங்களா? பஸ்ல ஒரு அக்கா. சைக்கிள் ஓட்டுறவங்க… சரி… சரி… பத்து கிலோவுக்குள்ள காட்டணும், அவ்ளோதான? காட்டும். … டெஸ்டா? … அது அடுத்த மாசமும் வெப்பாங்க. வெக்கிறேன்."

கேட்டீங்களா? போனில் சொன்னால் செல்லாதாம். அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் நாற்பது என்றேனோ, அத்தனை பேர் முன்னாலும் வந்து, அதே இடத்தில், கீழ்நோக்கி இழுத்துக் காட்டணுமாம். பத்துக்குள் காட்டினால் சாவி அண்ணனுக்கு. காட்டாவிட்டால் அவன் தலையில் சுமந்துகொண்டே இருக்கலாமாம். இப்போதே வரச் சொல்கிறார், வியாபாரிகள் சாப்பாட்டுக்குக் கலைவதற்குள்.

அந்த ஸ்டியரிங் இருக்கே அக்கா, வெயிலில் நின்ற வண்டியில் ஏறிப் பிடித்தால் கை சுடும். ஆனாலும் விட மனசு வராது… சரி, அதை விடுங்க.

கண்டக்டர்! அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும்! எதிர்ப் பக்கம் பண்ருட்டி வண்டி வந்துகொண்டே இருக்கும். உங்களுக்குக் கடலூரில் என்ன வேலை? பல் பிடுங்கவா? பல் எங்கேயும் போகாது, நாளைக்கும் வாயில்தான் இருக்கும். நீங்க வந்து, சைக்கிளை மிதிக்கவே வேண்டாம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லணும், நான் சொன்னால் எவனும் நம்ப மாட்டான், அண்ணனுக்காகக் கணக்கை மாற்றிவிட்டேன் என்பான். இன்னொன்று, அந்தக் கனத்தில் தலைப்பழம் இன்றைக்கு வந்திருக்குமோ வராதோ தெரியாது. கன்னியம்மாவும் மீனைத் திரும்பவும் என் கையில் கொடுக்காது. பெட்டிக்குள் ஏதாவது நாற்பத்தைந்து கிலோ வேண்டும்.

நீங்க எவ்வளவு இருப்பீங்க?

அட, வெட்கப்படாதீங்க. பார்த்தால் ஐம்பதுக்குள்தான் தெரிகிறது. கூடக் குறைய இருந்தால் நான் வகுத்துக்கொள்வேன். பையை மட்டும் கன்னியம்மா கையில் கொடுத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தால் போதும், நான் மெதுவாகத்தான் இழுப்பேன்.

எழுந்திருங்க அக்கா, பஸ் நிற்கிறது.